படம் எடுக்கத் தோண்டிய குழி

எங்கள் பள்ளி மைதானத்தில், மேற்குக் கோல் கம்பத்துக்குச் சற்று முன்னால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி இருந்தது. அதற்குள் ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து கேமராவை வானம் பார்க்க வைத்திருந்தார். பந்தலூர்ப் பக்கம் தேயிலை விலை விழுந்து, எஸ்டேட் ஃபேக்டரி பூட்டிக் கிடந்த வருடம். ஊர் பெருமைப்பட்டுக்கொள்ள மிச்சமிருந்தது பள்ளிக் கால்பந்து அணி ஒன்றுதான். அதை மோப்பம் பிடித்து ஒரு படக்குழு வந்தது. அனுமதிக் கடிதம் தயாரித்தவன், அலுவலகக் கண்காணிப்பாளனாக இருந்த நான். ஏழு நிபந்தனைகள் போட்டேன். ஆறாவது: மைதானத்தை முன்பிருந்த நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்.

அணியின் கேப்டன் பன்னிரண்டாம் வகுப்பு. இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. அடுத்த மாதம் எங்கள் மைதானத்திலேயே மாவட்ட அணிக்கான தேர்வு. அதில் தேறினால் பின்னால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்க வழியுண்டு. வேலையில்லாமல் லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீடு ஒன்றில், உட்கார்ந்திருந்த அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி எதுவும் இல்லை. ஆள் குள்ளம், ஒல்லி. கோலடிப்பதைவிடப் பக்கத்தில் இருப்பவனுக்குப் பந்தைத் தருவதில் கெட்டிக்காரன். டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை. “பாஸ் பண்ணாத தம்பி. யார் ஹீரோன்னு ஆடியன்ஸ் குழம்பிடுவாங்க. குழிக்கு மேல தாவு, போதும்.” குழி எதற்கு என்று கேட்டேன். “நின்னு பாத்தா ஸ்கூல் பையன் சார். குழியிலேர்ந்து பாத்தா சாமி.”

அந்தச் சாமியை ஒரு பகல் முழுக்கத் தாவவிட்டார்கள். நிஜ மூடுபனி இறங்கியதும் வேலையை நிறுத்தினார்கள். அது விலகியதும் புகை போட்டார்கள். மறுநாள் கூட்டத்தைப் படமெடுத்தார்கள். மைதானத்தில் ஒரு ஆட்டக்காரனும் இல்லை. வெறும் கோல் கம்பத்தைப் பார்த்து ஊரே கூத்தாட வேண்டும். கேப்டனின் அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தார். “ஏங்கய்யா, எம்புள்ள இங்கிட்டு டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறான். அங்கிட்டுப் பாத்து எதுக்குக் கைதட்டச் சொல்றாங்க?”

“அப்புறமா வெட்டி ஒட்டிக்குவாங்கம்மா” என்றேன், எல்லாம் தெரிந்தவனாக. சொல்லிவிட்டு நானும் கைதட்டினேன். பின்னாலிருந்து ஒரு கடைக்காரர், “ஏனுங்க சார், நீங்களே தட்டுனா அது கோல்தானுங்க!” என்றார். எல்லாரும் சிரித்தோம்.

படக்குழு கிளம்பிய அன்று கனமழை. குழியை மூடியாகிவிட்டது என்று அவர்களுடைய மேனேஜர் அலுவலகத்துக்கே வந்து ஒப்படைப்புக் காகிதத்தை நீட்டினார். பள்ளம் மூடுவதென்றால் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசால் இடித்து இறுக்க வேண்டும். போய்ப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். எனக்குத் தெரியாத நடைமுறையா? நான் குடையைக்கூடத் தொடவில்லை. ‘மைதானம் நல்ல நிலையில் திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதி முத்திரை குத்தினேன். அவர்கள் செய்திருந்தது, பொலபொலவென்று மண்ணைத் தள்ளி மேலே புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளைப் பரப்பியதுதான்.

தேர்வு நாளில் ஊர் திரண்டு வந்தது. பந்தைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுக்கக் கேப்டன் காலைத் திருப்பினான். “தாவு கேப்டன், தாவு!” என்று ஊர் கத்தியது. அவன் பழக்கப்பட்ட அதே இடத்தில் தாவினான். இறங்கிய கால் புல்லோடு முழங்கால்வரை உள்ளே போயிற்று. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, ஊர் அவ்வளவு கத்திக்கொண்டிருந்தது. காலில் கட்டுப் போட்டிருந்த மாதங்களில் லயத்துக்குப் போய் அவனைப் பார்த்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அதில் என் விரல் இல்லை.

போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். மறுபடி திறந்த ஃபேக்டரியில் இப்போது இலை நிறுக்கும் அவனை, சாய்ந்து சாய்ந்து நடக்கவிட்டு மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கு? காலுக்கா? திரையில் புகை, ஸ்லோ மோஷன், வானத்தை மறைக்கும் ஒரு பூதாகாரமான பையன், அவனைப் பார்த்துக் கைதட்டும் அவன் அம்மா. அவர் கண்கள், அன்று மகன் டீ குடித்துக்கொண்டு நின்ற பக்கம் போவதை நான் மட்டும் கவனித்தேன் போலும். கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொன்னான்: “படத்துல என் காலு நல்லாத்தான் இருக்கு, இல்லீங்களா சார்?” அவனிடம் அந்தக் காகிதத்தைப் பற்றி அப்போதும் நான் சொல்லவில்லை.

படம் அவன் தாவும்போது, குழிக்கு மேலே அந்தரத்தில் உறைந்து முடிகிறது. கால் இறங்கும் இடத்தை அவர்கள் காட்டவில்லை. அது என் கோப்பில் இருக்கிறது, ‘நல்ல நிலையில்’ என்று.