எம்.சி.ஏ.வுக்கு வெள்ளை அரளி

ஹேமலதாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி ஆரணியில் இன்னொருத்தி இருந்தால் எனக்குக் காட்டுங்கள். எதிர்வீட்டு நாய் தெருவில் படுத்திருந்தால், அது எழுந்து போகும்வரை வாசலைத் தாண்ட மாட்டாள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வு என்றால் முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும். இவள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸை நல்ல மார்க்கோடு முடித்தாள் என்றால், கம்ப்யூட்டர் முன்னால் மட்டும்தான் அவளுக்குப் பயம் இல்லை. புரோகிராமில் தப்பு வந்தால் எந்த வரியில் தப்பு என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். மனிதர்கள் அப்படிச் சொல்வதில்லை, திடீரென்று கத்துகிறார்கள்.

படிப்பு முடிந்த கையோடு அடுத்தது என்ன என்ற பேச்சு வந்தது. அவளுக்கு எம்.சி.ஏ. படிக்க ஆசை. அப்பா பழனிக்கு அவள் எம்.பி.ஏ. படிக்க வேண்டும். பழனி பட்டு நூல் வாங்கித் தறிக்காரர்களுக்குக் கொடுத்து, சேலையாக வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறவர். அவருடைய அக்கா மகன் கிரண் எம்.பி.ஏ. படித்துவிட்டுச் சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் மேனேஜராக இருக்கிறான். கழுத்தில் டையோடு அவன் போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்துகொண்டே இருக்கும்.

"புரோகிராம் எழுத இப்ப ஆளே வேணாமாம். கம்ப்யூட்டரே எழுதிக்குதாம், கிரண் சொல்றான். ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்து வூட்ல குந்திகினு இருப்பியா?" என்றார் பழனி.

கம்ப்யூட்டர் எழுதியது சரியா என்று பார்க்கவும் தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஹேமலதாவிடம் பதில் இருந்தது. ஆனாலும் "நீங்க பாத்து செய்யுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்பாவின் கோபத்துக்குப் பயந்தது பாதிதான். அவர் சொல்வது உண்மையாகவே இருந்துவிட்டால் என்ற பயம் மீதிப் பாதி.

அம்மா கற்பகம்தான் வழி சொன்னாள். "இன்னாத்துக்கு பேஜாரு? அம்மன் கிட்ட பூ கேட்டுடலாம்."

அந்த வீட்டில் பூ கேட்காமல் பெரிய காரியம் எதுவும் நடந்ததில்லை. வெள்ளை அரளி ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளி ஒரு பொட்டலத்திலும் வைத்து, வாழை இலையில் மடித்து, நூலால் கட்டி, அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் எம்.சி.ஏ., சிவப்பு வந்தால் எம்.பி.ஏ. என்று பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் பழனியே வாயைத் திறக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பொட்டலம் கட்டும் வேலை ஹேமலதாவிடம் வந்தது. சமையலறையில் யாரும் இல்லை. வெள்ளை அரளியை மடித்துக் கட்டினாள். சிவப்பைக் கையில் எடுத்தாள். எப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. சிவப்பை ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டு, இன்னொரு வெள்ளையை மடித்துக் கட்டித் தட்டில் வைத்துவிட்டுத் துணி மாற்ற ஓடினாள். நாய்க்குப் பயப்படுகிறவள் அம்மனை ஏமாற்றத் துணிந்துவிட்டாள் பாருங்கள். பயந்தவர்களை நம்பவே கூடாது.

தெருக்கோடி அம்மன் கோயிலில் பூசாரி பொன்னுசாமி பொட்டலங்களைக் கையில் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். கற்பகம் குனிந்து, இதைத் தொட்டு, அதைத் தொட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

ஹேமலதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றுபோனது. பழனி இன்னொரு பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"அத்த எதுக்குங்க பிரிக்கிறீங்க?" என்றாள் கற்பகம்.

"பாத்துட்டா ஒரு திருப்தி" என்றார் அவர். நூல் வாங்கப் போனாலும் சிப்பத்தைப் பிரித்து அடிவரைக்கும் கையை விட்டுப் பார்க்காமல் வாங்குகிறவர் இல்லை. ஹேமலதா தூணைப் பிடித்துக்கொண்டாள். இங்கேயே, இத்தனை பேர் முன்னால், அப்பா கத்தப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி. எம்.சி.ஏ.தான்" என்றது அப்பாவின் குரல்.

கண்ணைத் திறந்தாள். அவர் உள்ளங்கையில் இருந்தது சிவப்பு அரளி.

வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் ஓடி ஜன்னலுக்கு அடியில் தேடினாள். எறிந்த பூவைக் காணோம். அவள் கம்ப்யூட்டர் படித்தவள். வெள்ளையைப் போட்ட இடத்திலிருந்து சிவப்பு வராது என்று நன்றாகத் தெரியும். ஆனால் வந்துவிட்டது. மாட்டியிருந்தால் அப்பாவின் கத்தலோடு போயிருக்கும். இப்போது அம்மனே பார்த்துவிட்டாள், பார்த்ததோடு நிற்காமல் கையையும் வைத்துவிட்டாள். அதன்பிறகு ஹேமலதா சாமி அலமாரிப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. சோறு இறங்கவில்லை. வாட்ஸ்அப்பில் கல்லூரிச் செய்தி வந்தால்கூட உடம்பு தூக்கிப் போட்டது. சிவப்புதான் அம்மனின் உத்தரவு, அதை மீறிச் சேர்ந்தால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

வேலூர்க் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் வந்தது. பழனி வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹேமலதா சமையலறைக்குப் போனாள்.

"ம்மா, நான் எம்.பி.ஏ.வே சேந்துடறேன். அப்பா கிட்ட சொல்லிடு."

கற்பகம் மிக்ஸியை நிறுத்தினாள். "இன்னாடி திடீர்னு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "நான் வெச்சது ரெண்டும் வெள்ளைம்மா. அம்மன் அத்த சிவப்பா மாத்திடிச்சி. இதுக்கு மேல நான் எம்.சி.ஏ. போனா சும்மா வுடுமா?"

கற்பகம் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மன் மாத்தல. நான் மாத்தினேன். தண்ணி புடிக்க பின்னால போனா, ஜன்னலாண்ட சிவப்பு அரளி கெடக்குது. உள்ள வந்து ஒரு பொட்டலத்த பிரிச்சா வெள்ளை, சிவப்பு வெளிய கெடந்தா இன்னொண்ணும் வெள்ளைதானே. உங்கப்பா ரெண்டையும் பிரிச்சிப் பாக்காம வருவாரா? அதான் பிரிச்சதுல சிவப்ப வெச்சி கட்டினேன்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். ஹேமலதாவுக்கு அங்கேயும் புதிதாக ஒரு பயம்தான் வந்தது. "அய்யோ, அப்ப உன் கைக்கு சிவப்பு வந்திருந்தா?"

"எப்டி வரும்? எட்டு வயசுல இருந்து தறியில அறுந்த இழைய முடிஞ்ச கை இது. நான் போட்ட முடிச்சி என் விரலுக்குத் தெரியாதா?"

"அம்மன் கோச்சிக்காதாம்மா?"

"கோச்சிகினா என்னியத்தானே கோச்சிக்கும். எடுத்தது நான். நீ போய் படி. ஜல்தி கெளம்பு, அப்பா வண்டிய எடுத்துட்டாரு."

அம்மா மூடியை அழுத்திப் பிடித்து மிக்ஸியை மறுபடி ஓட விட்டாள். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், பூ கேட்ட அன்றிலிருந்து அந்தத் தெருக்கோடிப் பக்கமே போகவில்லை என்பது ஹேமலதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.