மருமகளுக்காக நான் சொன்ன சாட்சி

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிப் போனால் வரிசையாக விடுதிகள் இருக்கின்றன அல்லவா, அதில் பாதிக்கு மேல் என்னுடைய சென்ட்ரிங் தகட்டின் மேல் கான்கிரீட் போட்டவைதான். வெள்ளைக்காரர்கள் அந்த மொட்டை மாடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மாடி ஏன் ஒழுகவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கையாளாக மணல் சுமந்து, இன்று லாரி நிறைய தகடு வைத்து வாடகைக்கு விடுபவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனாலும் நான் செய்ததில் கனமான வேலை கட்டட வேலை இல்லை. என் மருமகளுக்காகச் சொன்ன ஒரு சாட்சி.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். எனக்கு ஒரே பையன், வெளிநாட்டில் வேலை. நான் பார்த்த பெண்ணுக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். லீவு முடிந்து போனவன் பிறகு வரவேயில்லை. அவளுக்குப் போன் செய்வதும் நின்றுபோயிற்று. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலைக்குப் போய் வந்தாள்.

சில வருடம் கழித்து கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வாத்தியார் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். அவரும் நம் சபைதான். அவள் சம்மதிக்கவில்லை.

"கோர்ட்ல பிரிச்சுவுட்டாலும் கோயில் கணக்குல நான் உங்க புள்ள பொண்டாட்டிதான் மாமா. வெளியில கல்யாணம் பண்ணிக்கிட்டா பூசையில நற்கருணை அப்பம் வாங்க முடியாது. அது இல்லாம என்னால இருக்க முடியாது."

வாத்தியாரை அவளுக்குப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும். அவர் பேச்சு எடுத்தால் குழம்பில் உப்பு ஜாஸ்தியாகிவிடும்.

வேங்கிக்காலில் ஒரு வக்கீலம்மா இருந்தார். கோர்ட்டும் தெரியும், திருச்சபைச் சட்டமும் படித்தவர். நானே மருமகளை வண்டியில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். மாமனாரா கூட வந்திருக்கிறார் என்று அவர் இரண்டு தரம் கேட்டார். இந்த ஜில்லாவில் வேறு எந்த மாமனார் வந்திருக்கிறான் என்று நானும் திருப்பிக் கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு வேல இருக்குதுங்க. கோர்ட்டுல விவாகரத்து ஒண்ணு. திருச்சபை தீர்ப்பாயத்துல, இந்தக் கல்யாணமே செல்லாதுன்னு தீர்ப்பு ஒண்ணு. இது அங்க செல்லாது, அது இங்க செல்லாது. ரெண்டும் வேணும்."

"இடிக்கிறது கோர்ட்டு. காங்கிரீட் ஆரம்பத்துலயே இறுகலன்னு சொல்றது கோயிலு. அதானுங்களே?"

"கிட்டத்தட்ட. ஆனா அங்க போய் இத சொல்லாதீங்க."

பிறகு, பையன் கல்யாணத்தைப் பற்றி யாரிடமாவது ஏதாவது சொன்னானா என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது அபூர்வம் என்பதால் மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சொல்லியிருந்தான். வெளிநாடு திரும்பிப் போன சில மாதத்திலேயே, ஏண்டா அவளிடம் பேசுவதில்லை என்று நான் போனில் சத்தம் போட்டபோது. "நீங்க தொந்தரவு பண்ணீங்கன்னு தாலி கட்டனேன்பா. இங்க ஒருத்தி கூடதான் இருக்கேன், அப்பவே இருந்தேன். உங்க மருமககூட குடும்பம் நடத்தணும்னு ஒரு நாளும் நினைக்கல. குருவானவரு கேட்டப்ப சும்மா வாயால சொன்னேன்." அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊரெல்லாம் என் பையன் என் பையன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த வாய் இது.

அன்று வக்கீலம்மாவிடம் சொன்னேன். மருமகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேஸு போடணும்னு யாரும் நினைக்காத காலத்துல சொன்னது. அதுக்கு மதிப்பு ஜாஸ்தி," என்றார் அவர். "ஆனா நீங்க சத்தியம் பண்ணி சொல்லணும். நீங்க ஒருத்தர்தான் அத காதால கேட்டது."

சாட்சிக்கு இன்னும் ஒரு வேன் ஆள் கூட்டி வருகிறேன் என்றேன். கும்பிட்டு, வேண்டாம் என்றார்.

வீட்டில் என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாங்க, பெத்த புள்ளைய பைபிள் மேல கைய வச்சு பொய்யன்னு சொல்லப் போறீங்களா?"

"அவன் சொன்னத சொல்லப் போறேன்."

"நீங்க சொல்லாத வுட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"அவளுக்குத் தெரியும். பக்கத்து ரூம்புலதான இருக்கா."

சாட்சிக்குப் போகிற அன்று என் மனைவி இஸ்திரி போட்ட வேட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்திருந்தாள்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே நின்றது. அதைத் தாண்டி, தீர்ப்பாயம் கூடுகிற ஆயர் இல்லம் இருக்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒவ்வொருவரையும் தனியாகத்தான் கூப்பிடுகிறார்கள். உள்ளே மூன்று குருக்கள். ஒருவர் கேட்கிறவர், ஒருவர் எழுதுகிறவர். மூன்றாமவர் கல்யாணம் செல்லும் என்று வாதாடுகிறவராம். புருஷனுக்கு வக்கீல் பார்த்திருக்கிறேன், பெண்டாட்டிக்கு வக்கீல் பார்த்திருக்கிறேன், கல்யாணத்துக்கே ஒரு வக்கீலை அன்றுதான் பார்த்தேன்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். மணல் சுமந்ததிலிருந்து ஆரம்பித்தேன். முதல் தகடு வாங்கிய இடம் வருவதற்குள், "ஐயா, கேட்டதுக்கு மட்டும்," என்றார் கேட்கிறவர். கான்கிரீட் இறுகாத கதையையும் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். எழுதவில்லை.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. "மகன் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

நான் சுவரைப் பார்த்தேன். பிறகு, அவன் சொன்னதைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கல்யாணத்தின் வக்கீல், கோபத்தில் சொல்லியிருப்பானோ என்று கேட்டார். "கோவம் எனக்குத்தான் சாமி. அவன் பொறுமையாதான் சொன்னான்," என்றேன்.

நான் சொன்னதை எனக்கே படித்துக் காட்டினார்கள். அவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன், அரைப் பக்கம்கூட இல்லை. என் தகடு இல்லை, லாரி இல்லை, விடுதிகள் இல்லை. என் பையன் சொன்னது மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். "சொல்லிட்டீங்களா மாமா?" என்றாள். "பின்ன, பயந்துடுவனா?" என்றேன். வழியில் இரண்டு பேரும் டீ குடித்தோம்.

பையனுக்கும் நோட்டீஸ் போயிற்று. தீர்ப்பாயமே முடிவு செய்யட்டும் என்று ஒரு வரி எழுதிப் போட்டான். கோர்ட்டில் விவாகரத்து முதலில் வந்தது. கோயில் தீர்ப்பு வர இன்னும் நாள் பிடித்தது. அது ஒருபோதும் செல்லுபடியான கல்யாணம் இல்லை என்று வக்கீலம்மா படித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணமே இல்லன்னா, இத்தினி நாளா இவ எனக்கு யாரு?"

"காபி ஆறிப்போவுது அத்த, எடுத்துக்குங்க," என்றாள் மருமகள்.

வாத்தியாரைக் கீழ்பென்னாத்தூர்க் கோயிலில் கட்டிக்கொண்டாள். முன்வரிசையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பையன் எனக்குப் போன் செய்வதில்லை. அவன் அம்மாவுக்குச் செய்கிறான். அந்த நேரம் நான் தொழிலைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன மாசி மாதம் அவர்கள் வீடு கட்டிக் கூரை போட்டார்கள். தகடெல்லாம் என்னுடையது. வாடகை பேசவந்த வாத்தியாரை டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். கான்கிரீட் போடுகிற அன்று விடிந்ததும் போய், மேலே ஏறி, தகடு ஆடுகிறது, அடியில் தாங்கும் முட்டு சரியாக நிற்கவில்லை என்று மேஸ்திரியைச் சத்தம் போட்டேன். கீழ்பென்னாத்தூர் மேஸ்திரி, என்னைத் தெரியாதவன்.

"பெருசு, நீங்க இந்த வீட்டுக்கு யாரு?" என்றான்.

கீழே செங்கல் நனைத்துக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தகடு என்னுது," என்றேன். "முட்ட மாத்துடா."

மாற்றினான்.