புவனா அக்காவின் டிஸ்கெட்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றிருந்தபோது இடுப்பில் பேஜர் அதிர்ந்தது. சாலாக் செலாத்தானில் இருக்கும் புவனா அக்கா வீட்டு எண். எண்ணைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாத கருவி அது. பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன். அவர் தம்பிதான் எடுத்தார். "அக்கா காலையில போயிட்டாங்க லா, சாந்தி."

எங்கள் அச்சகத்துக்கு வந்த உங்கள் எல்லாருக்கும் அக்காவைத் தெரியும். உங்களில் பலருடைய கல்யாணப் பத்திரிகையைக் கணினியில் அடித்தவர் அவர்தான். வேலை முடிந்த பிறகு அதே கணினியில், கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக, அவர் ஒரு நாவல் எழுதிவந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அதில் ஒரு வரிகூடக் காகிதத்தில் இல்லை. எல்லாம் ஒரே டிஸ்கெட்டில், கணினியில் செருகி எடுக்கும் சேமிப்புத் தட்டில். "பேப்பர்ல எழுதினா வீட்ல படிச்சிட்டு, யாரு இவன், யாரு அவன்னு கேப்பாங்க. டிஸ்கெட் வாயத் தொறக்காது லா" என்பார். நகல் எடுக்கச் சொன்னாலும் கேட்கமாட்டார். இரண்டு இருந்தால் ஒன்று யார் கையிலாவது மாட்டுமாம். எனக்கும் காட்டவில்லை. "முடியட்டும், ஒனக்குத்தான் மொதல்ல."

ஆயுத பூசையன்று கத்தரி, ஸ்டேப்ளர், கணினித் திரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவர் அவர்தான். சென்ற ஆண்டு முதன்முறையாக அந்த டிஸ்கெட்டுக்கும் சந்தனம் வைத்தார். அகலமான பழைய வகை. அதன் உறையில் உள்ள திறப்பு வழியே சந்தனம் தகட்டில் இறங்கிவிட்டது. மறுநாள் டிஸ்கெட்டைப் படிக்க முடியாமல் கணினி முனகியது. நிறுத்தவா, மறுபடி முயலவா, தோற்றதாக விடவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. மறுபடி முயல 'ஆர்' எழுத்தைத் தட்ட வேண்டும். அக்கா தட்டினார். அது மீண்டும் அதையே கேட்டது. "மறந்துபோன கிழவன் மாதிரி கேக்குறான் பாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவர் கிள்ளான் மருத்துவமனையில் படுத்துவிட்டார். பார்க்கப் போனபோது டிஸ்கெட்டைச் சொல்லி நான் அழுதேன். "விடு லா சாந்தி. முடிவே நான் எழுதல. அரைகுறைக் கதை, போனா போகுது" என்றார். நம்பினேன்.

கடையில் இப்போது மௌசைத் தள்ளி வேலை செய்யும் கணினிகள். அந்த டிஸ்கெட் நுழைய அவற்றில் வாயே இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் கணினி பழுது பார்ப்பவர் டிஸ்கெட்டை வாங்கிப் பார்த்தார். "தூக்கிப் போடுங்க ஆன்டி, புதுசு மலிவுதான்" என்றார். அவரை அடிக்காமல் வந்தது பெரிய காரியம்.

அக்காவின் காரியம் முடிந்ததும், மூலையில் கிடந்த பழைய கணினியைக் கடையிலிருந்து என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். டிஸ்கெட்டைச் செருகி 'ஆர்' தட்டினேன், தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். நேற்று ஒரே ஒரு முறை, உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக வந்து நின்றன. அத்தியாயத்துக்கு ஒரு பெயர். கடைசிப் பெயர், 'முடிவு'.

எழுதி முடித்திருக்கிறார். முடித்த சந்தோஷத்தில்தான் அந்த ஆண்டு டிஸ்கெட்டுக்குப் பொட்டு வைத்திருக்கிறார். நான் தாங்கமாட்டேன் என்று, படுக்கையில் கிடந்துகொண்டு எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்.

கோப்பைத் திறந்தால் பழைய கேள்விதான் வருகிறது. உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது சந்தனம் ஒட்டிய அந்த டிஸ்கெட் ஒன்றுதான். எனக்குத்தான் முதலில் என்று சொன்னார். கணினியை அணைக்க மனமில்லாமல் 'ஆர்' தட்டிக்கொண்டிருக்கிறேன்.