பறக்கவில்லை என்று ஒரு சர்டிபிகேட்

பெங்களூரில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. இந்த ஊருக்கு வந்து நாலு வருஷமாகியும் எனக்குப் பழகாத விஷயம் இது ஒன்றுதான். குளிர் பழகிவிட்டது. ராகி முத்தை என்கிற களியுருண்டை பழகிவிட்டது. சாம்பாரில் வெல்லம் போடுவதைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் காலை ஒன்பதரை மணிக்குச் சென்னைக்குப் போகிற ஏரோப்பிளேன் நாங்கள் குடியிருக்கும் தொம்மலூரின் ஓடுகளெல்லாம் அதிரும்படி எங்கள் தலைக்கு மேல் எழும்பிப் போகும்போது, பக்கத்து வீட்டு கௌரம்மா கையிலிருக்கும் முறத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். வந்த புதிதில் ஒருநாள், "ஏரோப்பிளேன் போகுது பாருங்க" என்று உற்சாகமாகச் சொன்னேன். "தினா ஹோகுத்தல்லா" என்றாள், தினமும்தானே போகிறது என்று, கல் பொறுக்கிக்கொண்டே. காட்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஆகாயத்தில் சத்தம் கேட்டால் ஏர் நின்றுவிடும், பள்ளிக்கூடம் காலியாகிவிடும், படுத்த படுக்கையாய் இருப்பவர்கூட என்னைத் தூக்கி வெளியே விடுங்கள் என்பார்.

நான் இங்கே விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடிப்பவன். தகட்டோடு தகட்டைச் சேர்த்து நாளெல்லாம் ஆணி அடிக்கிறேன். காதில் எப்போதும் ஒரு இரைச்சல். இந்த உண்மையை ஊருக்கு நான் எழுதவில்லை என்று சொல்லமுடியாது. எழுதினேன், கொஞ்சம் சுருக்கமாக. "ஏரோப்பிளேனில் வேலை" என்று எழுதினேன். ஊர்க்காரர்கள் மிச்சத்தைத் தாங்களே போட்டு நிரப்பிக்கொண்டார்கள். நான் தினமும் அதில் ஏறி ஆபீசுக்குப் போவதாக ஒரு பேச்சு. அதை மறுத்து எழுத ஒரு கார்டு போதும், ஓரணாகூட ஆகாது. அந்தச் செலவை நான் செய்யவில்லை. வெளியூர் பிழைக்கப் போன நம்மில் எத்தனை பேர் அந்தக் கார்டை எழுதினோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் ஊர் முன்சீப்தான். என் அப்பா அவர் நிலத்தில் கூலி. பிறந்ததிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "டேய்" என்பார், நான் ஓடுவேன். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலி உண்டு. தாசில்தார் வந்தால் உட்கார்வார். மற்ற நாட்களில் அதில் அவருடைய மேல்துண்டு உட்கார்ந்திருக்கும்.

சுதந்திரம் வந்து மூன்றாம் வருஷம். பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவே இரண்டு கம்பெனிகள் விமானம் விட்டன. ஒன்று பெரியது. மற்றொன்றுக்கு மொத்தமே ஒன்றோ இரண்டோ விமானம். அந்தச் சின்னக் கம்பெனி திடீரென்று தொழிற்சாலை ஆட்களுக்குக் கட்டணத்தில் பாதி சலுகை என்று கேட்டில் தாள் ஒட்டியது. மூழ்கப் போகிறவன்தான் இப்படி வாரி வழங்குவான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. டிக்கெட் வாங்கினேன். வேடிக்கை என்னவென்றால், பெங்களூரிலிருந்து ரயிலேறினால் மத்தியானத்துக்கெல்லாம் காட்பாடியில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். நானோ என் ஊருக்கு மேலேயே பறந்து, அதைத் தாண்டிச் சென்னையில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி வந்த வழியே திரும்பி, சாயங்காலம் ஊருக்குப் போவதாகத் திட்டம். இதைத் திட்டம் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். என் மனைவி சரோஜா வேறு பெயர் வைத்திருந்தாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. டிக்கெட் பணம் அவளுடையது. சரோஜா தங்கவயல்காரி, அவளுடைய அப்பா சுரங்கத்தில் இருமி இருமிச் செத்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்போடு தையலும் கற்றவள். வாடகை மெஷினில் காக்ஸ் டவுனில் இருக்கும் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரிகளுக்கு கவுன் தைத்துக் கொடுப்பாள், வருகிற கூலியில் பாதியை மெஷின்காரன் கொண்டுபோவான். அந்த வீடுகளில் ஒரு வயதான மிஸ்ஸியம்மா, தான் ஒருநாளும் பார்த்திராத சீமைக்கு, 'சொந்த ஊருக்குப் போகிறேன்' என்று கப்பலேறத் தயாராகிக்கொண்டிருந்தாள். போகுமுன் தன் கால்மிதித் தையல் மெஷினைச் சரோஜாவுக்குச் சல்லிசாகத் தருவதாக வாக்கு. அதற்குச் சேர்த்து வைத்த பணத்தைத்தான் நான் கேட்டேன். ஓவர்டைம் பார்த்துக் கப்பலுக்கு முன்னால் வைத்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். "வானத்துல போய் யாருக்குக் காட்டணும்? அந்த நாற்காலிக்கா?" என்று கேட்டாள். பணத்தையும் கொடுத்தாள். அடுத்த வாரமே தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்தினார்கள்.

ஊருக்குக் கடிதம் எழுதினேன். இன்ன நாள், சுமார் பத்தே கால் மணிக்கு நம் ஏரிக்கு மேலே பறப்பேன், ஜன்னல் வழியாகச் சிவப்புத் துண்டைக் காட்டுவேன், சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வாருங்கள். ஏரோப்பிளேன் ஜன்னல் திறக்காது என்று அதற்கு ரிவெட் அடிக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது கை கேட்கவில்லை.

அன்று காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் புதுச் சிவப்புத் துண்டுமாக ஏரோட்ரோமுக்குப் போனேன். கம்பெனி அறைக் கதவு பூட்டியிருந்தது. சர்வீஸ் ரத்து என்று இங்கிலீஷில் ஒரு தாள். விமானம் கொட்டகைக்குள்ளேயே நின்றிருந்தது. என்னைப்போல் நாலைந்து பேர் காவல்காரனைச் சூழ்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் தனக்கே இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்று அவர்களைவிட உரக்கக் கத்தினான். ஒன்பதரைக்குப் பெரிய கம்பெனி விமானம் எங்கள் ஊர்ப் பக்கமாகக் கிளம்பிப் போயிற்று. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அதைப் பார்த்தேன். பிறகு தண்டு என்கிற கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு நடந்து, கிடைத்த ரயிலில் மூன்றாம் வகுப்பில், ஒரு வாழைத்தார்க்காரனுக்கும் அவனுடைய வாழைத்தாருக்கும் நடுவில் உட்கார்ந்து ஊருக்குப் போனேன்.

காட்பாடியில் இறங்கும்போது சாயங்காலம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. சென்னை ரயிலும் அப்போதுதான் வந்திருந்தது, கூட்டத்தில் நான் எதிலிருந்து இறங்கினேன் என்று எவரும் பார்க்கவில்லை. மாலையோடு நாற்பது பேர். எல்லோருக்கும் முன்னால் முன்சீப். "பார்த்தோம்பா! துண்டு நல்லாத் தெரிஞ்சுது! செவப்பா, படபடன்னு அடிச்சுகினு இருந்துச்சு!" என்றார். ஊரே ஏரிக்கரையில் நின்று பார்த்ததாம். ஒருவன் என் மீசையைப் பார்த்தானாம். தேங்காய் உடைத்தார்களாம். நான் வாயைத் திறந்தேன், அதற்குள் மாலை விழுந்துவிட்டது. அன்று முன்சீப் வீட்டுக் கூடத்தில், நாற்காலியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "உக்காருப்பா" என்றார். கதவோரம் நின்றிருந்த என் அப்பா அழுதார். உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று சொல்பவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பெங்களூருக்குத் திரும்பியதும் பணம் திரும்பக் கேட்கும் படலம் தொடங்கியது. மூழ்கிய கம்பெனியின் சொத்தையெல்லாம் விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போட லிக்விடேட்டர் என்று ஒரு அதிகாரியை நியமித்திருந்தார்கள். அவரை நான் பார்த்ததே இல்லை. அவருடைய குமாஸ்தாவைத்தான் பார்த்தேன். ஊரின் பழைய பேட்டைப் பகுதிக் கன்னடக்காரர், தலைப்பாகையும் மூக்குப்பொடியுமாக மிகவும் மரியாதையானவர். ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டி என் பெயரில் விரலை வைத்தார். "புஸ்தகதல்லி நீவு ஹோகித்தீரி ஸ்வாமி" என்றார். புத்தகத்தில் நீங்கள் போயிருக்கிறீர்கள். கம்பெனி ஆட்கள் முதல்நாள் சாயங்காலமே மறுநாள் பயணிகளின் பெயரையெல்லாம் எழுதி, பக்கத்தில் 'போனார்' என்று குறித்துவிட்டு, வீட்டுக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. "விமானமே கொட்டகையை விட்டு நகரவில்லையே, நான் எதில் போனேன்?" என்று கேட்டேன். அவர் தமிழுக்கு மாறினார். "அது ஏரோட்ரோம்காரங்க விசயம் ஸ்வாமி. நம்மது புஸ்தகம். நீங்க போகலேன்னு சர்டிபிகேட் தாங்க, பணம் தர்றோம்."

பறக்கவில்லை என்று சர்டிபிகேட்! அன்றைக்கு எங்கே இருந்தேன், எப்படிப் போனேன் என்று அந்த ஊர் அதிகாரி முத்திரையோடு எழுதித் தர வேண்டும். ரயில் டிக்கெட்டைக் காட்பாடி வாசலில் வாங்கிக்கொண்டார்கள். தொழிற்சாலையில் நான் லீவு. அன்று நான் போய்ச் சேர்ந்த ஊரில் முத்திரை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்.

இங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் செய்தேன். ரயிலில் வந்தேன் என்று சொல்லாமல், 'இன்ன தேதியில் நான் ஊருக்கு வந்து சேர்ந்ததாக ஆபீசில் ஒரு அத்தாட்சி கேட்கிறார்கள்' என்று மட்டும் முன்சீப்புக்கு எழுதினேன். பணமும் வேண்டும், நாற்காலியும் வேண்டும். பத்து நாளில் பதில் வந்தது, முத்திரையோடு, அழகான கையெழுத்தில். மேற்படியார் மேற்படி தேதியில் ஆகாய விமான மார்க்கமாய் இவ்வூரின் மேல் சென்றதையும், சிவப்பு வஸ்திரம் காட்டியதையும் நானும் கிராமத்தாரும் நேரில் கண்டோம் என்று எழுதியிருந்தது. ஒரு வார்த்தை குறையாமல் அன்பு. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் முட்டாளில்லை. ஆனால் முன்சீப் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் கடிதத்தில் எழுதியிருந்த ஆபீஸ் விலாசத்துக்கு நேராக ஒரு நகலையும் அனுப்பிவிட்டார்.

குமாஸ்தா அதை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு வைத்திருந்தார். "மைசூர் புஸ்தகம் நீங்க போனீங்கன்னு சொல்லுது. மெட்ராஸ் முன்சீப்பும் அதையே சொல்றார். நீங்க ஒருத்தர்தான் ஸ்வாமி இல்லேன்னு சொல்றது" என்றார் வருத்தத்தோடு. காவிரித் தண்ணீரில் ஒத்துப்போகாத இரண்டு ராஜ்யங்கள் என் விஷயத்தில் கைகோத்துக்கொண்டன. கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார்: "காட்பாடிக்குப் போறவர் மெட்ராசுக்கு எதுக்கு டிக்கெட் எடுத்தீங்க?" நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மிஸ்ஸியம்மாவின் கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சரோஜா கத்தவில்லை. சர்டிபிகேட்டைப் படித்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "நீங்க அந்த நாற்காலியில உக்காந்ததுக்கு நான்தான் வாடகை கட்டுறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புத்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போனேன். முன்சீப் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: பூட்டிய கதவு, வாழைத்தார், மூன்றாம் வகுப்பு, ஜன்னல் திறக்காது என்பது உட்பட.

கோபப்படுவார், "டேய்" என்று கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் இரக்கம்தான் தெரிந்தது. "பெங்களூர்காரனுங்க உன்ன இன்னா சொல்லி மெரட்டி வெச்சிருக்கானுங்க? சும்மா சொல்லுப்பா" என்றார். மிரட்டவில்லை, நான் பறந்து வரவேயில்லை என்றேன். "நீ வரலன்னா எங்களுக்குக் கை காட்டினவன் எவன்?" என்று கேட்டார். கூடத்தில் சேர்ந்திருந்த கூட்டமும் அதையே கேட்டது. என் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு எதிரே நான் பேச்சை நிறுத்தியதும் முன்சீப் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். திரும்பி வரும்போது என் கையில் இரண்டாவது சர்டிபிகேட் இருந்தது. முதலாவதைவிடப் பலமானது. கீழே பன்னிரண்டு கைநாட்டு, அதில் ஒன்று என் அப்பாவுடையது.

மிஸ்ஸியம்மா கப்பலேறிவிட்டாள். மெஷின் சிவாஜி நகர் பழைய சாமான்காரன் கைக்குப் போயிற்று. நான் அதிகமாகக் கொடுத்து அதை அங்கே வாங்குவதாகச் சொன்னேன். எந்தப் பணத்தில் என்று சரோஜா கேட்கவில்லை, அதுதான் எனக்கு வலித்தது. வாடகை மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து கடிதம் வந்தபடி இருக்கிறது, மறுபடி எப்போது பறந்து வருகிறாய் என்று. இந்த ஊரின் ரேஷன் கார்டில் எனக்கு ஒரு பெயர், அந்த ஊரின் ஏரிக்கரையில் வேறு ஒருவனுக்கு என் பெயர்.

போன ஞாயிற்றுக்கிழமை பனியனோடு வாசலில் நின்று குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்குச் சத்தம் கேட்டது. வழக்கம்போல் யாரும் நிமிரவில்லை. உள்ளே மெஷின் சத்தம் நின்றது. சரோஜா வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அண்ணாந்து பார்த்தாள். நாலு வருஷத்தில் அன்றுதான் பார்த்தாள். கௌரம்மாவுக்கே ஆச்சரியம். முறத்தை இறக்கிவிட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்டாள்.

"அதோ போறாரு பாருங்க, எங்க வூட்டுக்காரரு" என்றாள் சரோஜா, என் பக்கம் திரும்பாமலே.

கௌரம்மா என்னைப் பார்த்தாள், ஆகாயத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சிவப்புத் துண்டு தெரிகிறதா என்று நானும் அண்ணாந்து தேடினேன்.