பதினோரு மணி முறை

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் விருத்தாம்பாள் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்ப்பார், பால் கெட்டுவிட்டதா என்று பார்ப்பதுபோல. பிறகுதான் உள்ளே காலை வைப்பார். "புண்ணு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரிஞ்சிடும்டி" என்பார். அடுத்தது கை கழுவல். முழங்கைவரை சோப்பு. அதற்குப் பிறகு கட்டிலில் கிடப்பவரைப் பார்த்து ஒரே கேள்வி:

"போச்சா?"

எப்படி இருக்கிறாய், என்ன சாப்பிட்டாய் என்றெல்லாம் அவர் யாரையும் கேட்டதில்லை. வெளிக்குப் போனதா என்று தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் உடம்பைத் தொட்டால் தெரிந்துவிடும்.

கடலூர் செம்மண்டலத்தில் ராசம்மாளின் ஒற்றை அறை வீட்டுக்கு ஆறு வருஷம் இப்படி வந்தார், தினமும் மதியம் ஒரு மணிக்கு. கட்டிலில் கிடந்தது ராசம்மாளின் கணவன் கொளஞ்சியப்பன். 2006இல் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவன். அப்போது வயது முப்பத்து நாலு. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ராசம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, முதுகில் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வந்துவிட்டால் அதிக நாள் தாங்காது என்றார். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும். ராசம்மாளோ செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டால் திரும்ப மூன்றரை ஆகும். வேலையை விட்டால் சோறு இல்லை, விடாவிட்டால் புருஷன் இல்லை.

ராசம்மாள் சொன்னதையெல்லாம் அதே தெருக்காரரான விருத்தாம்பாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெருவுல எத்தினி கை இருக்கு?" என்றார்.

அவர் ஆஸ்பத்திரி பெண்கள் வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் சீக்கிரம் போய்விட்டார், பிள்ளை இல்லை. சுனாமி வந்த வருஷம், இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெண்ணைச் சொந்தக்காரர்கள் இந்தத் தெருவில் கொண்டுவந்து போட்டார்கள். நாற்பது நாள் விருத்தாம்பாள் ஒருவராகவே அவளைப் புரட்டினார். நடுவில் தம்பி வீட்டுக் கல்யாணம் என்று சிதம்பரம் போய் இரண்டு நாள் தங்கினார். திரும்பி வந்தபோது வாசலிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு மாதம்தான் இருந்தாள். அவள் பெயரை விருத்தாம்பாள் அதற்குப் பிறகு வாயால் சொன்னதில்லை. "ஒரே ஆளை நம்பி ஒரு ஒடம்பு கெடக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லுவார். அதிலிருந்து வந்ததுதான் முறை.

முறை என்றால் இதுதான்: கிளம்புமுன் ராசம்மாள் ஒரு பக்கம் புரட்டிவிட்டுப் போவாள். ஒன்பது மணிக்குத் தையல்காரி தமிழ்ச்செல்வி. பதினோரு மணிக்கு, துறைமுகத்தில் ஐஸ் பாளம் சுமந்து தோள் இறுகிப்போன லூர்துசாமி. ஒரு மணிக்கு விருத்தாம்பாள். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். ஒருவருக்கு வேலை வந்தால் மாற்று ஆளைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆறு வருஷத்தில் இந்தத் தெருவின் இருபது வீட்டுக் கைகளாவது கொளஞ்சியப்பனின் முதுகுக்குக் கீழே போயிருக்கும்.

ஆம்பளையைப் பொம்பளை போய்ப் புரட்டுவதா என்று ஆரம்பத்தில் ஒருத்தி குழாயடியில் முணுமுணுத்தாள். விருத்தாம்பாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்ல. ஒனக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணுமில்ல. பாவம், ரெண்டு பேருமே." அடுத்த வாரம் அந்தப் பெண்ணே ஒரு முறை எடுத்துக்கொண்டாள்.

சொல்லிக் கொடுப்பதில் தயவு கிடையாது. உள்ளங்கையைப் படுக்கையின்மேல் ஓட்டித் துணிச் சுருக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருநாள் ஒரு முறுக்குத் துணுக்கு கையில் தட்டியது. அதை லூர்துசாமியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "பெரிய மனுசா, நீ தின்னுட்டுப் போயிடுவ. இது ராத்திரி பூரா அவனைத் தின்னும்." தோல் சிவந்திருந்தால் தேய்க்கக் கூடாது, விரலால் அழுத்த வேண்டும். வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காவிட்டால் உள்ளே சதை சாக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இதைத் தெருவே தெரிந்து வைத்திருந்தது.

போன வருஷக் கடைசியில் 'தானே' புயல் அடித்த காலையில் ராசம்மாள் வீட்டுக் கூரை ஷீட்டுகள் பறந்தன. மரங்கள் தெருவை அடைத்துக் கிடந்தன. மணி சரியாகப் பதினொன்றுக்கு லூர்துசாமி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, முருங்கை மரத்தின் மேலேறி இறங்கி வந்து சேர்ந்தார். "இன்னைக்கி எந்தப் பக்கம் மாப்ள?" என்றார். "கூரை இருக்கற பக்கம் மச்சான்" என்றான் கொளஞ்சியப்பன்.

ஆறு வருஷம், ஒரு புண் இல்லை.

இந்த ஆவணியில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை விருத்தாம்பாள் சமையல் மேடைக்குக் கீழே உயிரில்லாமல் விழுந்து கிடந்தார். எழுபத்தொரு வயது, உடம்புக்கு முடியவில்லை என்று ஒருநாள் படுத்ததில்லை. சேதி முதலில் ராசம்மாளுக்குத்தான் வந்தது. கொளஞ்சியப்பனை மல்லாக்கப் போட்டுவிட்டு அவிழ்ந்த தலையோடு ஓடினாள். "நீ போ. அக்காவ விட்டுட்டு வராத. எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவன்தான் சொல்லி அனுப்பினான். அவளும் தமிழ்ச்செல்வியும்தான் உடம்பைக் குளிப்பாட்டினார்கள். எத்தனையோ பேருக்கு நகம் வெட்டிவிட்ட கைக்கு ராசம்மாள் நகம் வெட்டினாள்.

கொள்ளி வைக்கத் தம்பி மகன் ஜெயப்பிரகாஷ் ஓசூரிலிருந்து வர வேண்டும். மின்சாரம் இரண்டு மணி நேரம் வரும், நான்கு மணி நேரம் போகும் காலம். ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் வைத்தார்கள். தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. தையல் மிஷினை மூடிவிட்டுத் தமிழ்ச்செல்வி தலைமாட்டில் உட்கார்ந்தாள். லூர்துசாமி பாடைக்கு மூங்கில் பிளந்தார்.

ஒன்பது மணி ஆனது தமிழ்ச்செல்விக்குத் தெரியும். ஆனால் பிணத்தைத் தொட்ட கையோடு, தலைக்குக் குளிக்காமல், நோயாளி இருக்கிற வீட்டுக்குள் போகக் கூடாது. அது கொளஞ்சியப்பனுக்கு ஆகாது என்று அவள் உண்மையாகவே நம்பினாள். குளித்துவிட்டால் உடம்பு எடுக்கும்வரை இங்கே திரும்பி வர முடியாது. அக்காவை விட்டுவிட்டு யார் போவார்கள்? இன்னும் சாவு வீட்டுக்கு வராத யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். பதினோரு மணிக்கு லூர்துசாமி அரிவாளைக் கீழே வைத்தார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர்களுக்குத் தீட்டு கிடையாது. ஆனால் சாவு வீட்டிலிருந்து நேரே ராசம்மாள் வீட்டுக்குள் நுழைந்தால் அவர்கள் வழக்கத்துக்குக் குறைவாகிவிடுமோ என்று தயங்கினார். மறுபடி அரிவாளை எடுத்தார். ஒரு மணி முறைக்காரர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார்.

அன்று சாவு வீட்டுக்கு வராத ஒருவர்கூட அந்தத் தெருவில் இல்லை.

சாவு வீடுகளிலிருந்து விருத்தாம்பாள் எத்தனையோ தடவை நேரே ராசம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறார். குழாயில் முழங்கைவரை கழுவிவிட்டு, "சோப்புக்குப் போவாத தீட்டு எந்த ஊர்லடி இருக்கு?" என்பார். அது ராசம்மாளுக்கு ஞாபகம் வந்தது மாலை ஆறு மணிக்கு, உடம்பை எடுத்த பிறகு குளித்த ஈரத்தலையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது.

கொளஞ்சியப்பன் விட்ட இடத்தில் மல்லாந்து கிடந்தான். பன்னிரண்டு மணி நேரம். மேளச் சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு குரல் கொடுத்திருந்தால் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள்.

"ஏன்யா கூப்புடல?"

"அக்காவுக்கு இருக்கறது இன்னைக்கி ஒரு நாளு. அதுல போயி நான் கத்தணுமா?"

அவனைப் புரட்டினாள். இடுப்புக்குக் கீழே, நடு எலும்பின்மேல், உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பு. விரலால் அழுத்தினாள். வெளுக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள்.

ஐந்தாம் நாள் அந்த இடம் கறுத்தது. எட்டாம் நாள் ராசம்மாளும் ஆட்டோக்காரரும் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்; அங்கே செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். எலும்பு தெரிகிறது, ஆறினால் மாதக் கணக்கில் ஆகும், காய்ச்சல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸ். ஆறாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, ராசம்மாளும் கேட்கவில்லை. கேன்டீன் மேஸ்திரி திங்கட்கிழமைவரை பார்ப்பேன், பிறகு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. கெட்டவர்கள் இல்லை. அந்தக் கட்டிலைப் பார்க்க முகம் இல்லை, அவ்வளவுதான். தமிழ்ச்செல்வி இட்லித் தூக்கை ஜன்னலில் வைத்துவிட்டு, கூப்பிடுவதற்குள் போய்விடுவாள். குழாயடியில் ராசம்மாள் வந்தால் பேச்சு நின்றுவிடும். லூர்துசாமி பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போனார். ராசம்மாளுக்கு அவர்கள் மேல் கோபம் பொங்கும். பொங்கி முடிந்தால் அடியில் அவளே நிற்பாள். மல்லாக்கப் போட்டுவிட்டு ஓடியது யார்?

இதில் இன்னொரு சங்கடம். புண் இருக்கும் உடம்பை உருட்டவோ இழுக்கவோ கூடாது. இழுத்தால் ஓரத்துத் தோல் துணியோடு கிழியும். கீழே விரித்த துணியோடு சேர்த்து இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, தூக்கித்தான் திருப்ப வேண்டும். ராசம்மாள் தனி ஆள். இழுத்தாள். ஒவ்வொரு தடவை கட்டு மாற்றும்போதும் புண் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தது.

பதினாறாம் நாள், சமுதாயக் கூடத்தில் படத்திறப்பு. வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். அதில் விருத்தாம்பாளுக்கு 'சேவைச் செம்மல்' என்று பட்டம் போட்டிருந்தார்கள். பத்து மணியிலிருந்து ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருந்தது. தன்னலம் கருதாத தாய், தெருவின் காவல் தெய்வம். ராசம்மாள் கட்டிலருகில் கட்டுத்துணியைக் கொதிக்கவைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஒன் பேரைச் சொல்றாங்க பாரு. போயிட்டு வாயேன்" என்றான் கொளஞ்சியப்பன். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"சொல்லட்டும்."

வெளியே படலுக்கு அப்பால் செருப்புச் சத்தம் கேட்டு நின்றது. லூர்துசாமி. வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஊசியால் குத்திய கறுப்புத் துணி.

"தங்கச்சி... கவுன்சிலர் வந்துட்டாரு. வெளக்கு நீதான் ஏத்தணுமாம். நீ வந்தாத்தான் படத்தைத் தொறப்பாங்களாம்."

"மணி என்னண்ணே?"

அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொண்ணு."



"ஒங்க வழக்கம் கெட்டுடுமோன்னு இருந்துட்டேன்" என்றார் லூர்துசாமி தரையைப் பார்த்து. "எனக்கு ஏது தீட்டு? வந்திருக்கணும். அருவாளக் கீழ வச்சேன் தங்கச்சி. வச்சிட்டுத் திரும்ப எடுத்துட்டேன்."

"நான் கட்டுனவ. நானே வரலியேண்ணே."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "யாரு, மச்சானா? வாசல்ல நின்னுகிட்டு என்னா கோர்ட்டு நடத்துறீங்க? உள்ள வாங்க. எனக்கு ஒரு பக்கம் மரத்துப் போச்சின்னு சொன்னா நம்பவா போறீங்க?"

லூர்துசாமி சிரிக்கவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு வந்து, குழாயைத் திறந்து சட்டைக்கையை மடித்துவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டார். வாடை இப்போது வாசல்வரை இருந்தது. அவர் மூக்கைப் பொத்தவில்லை. கட்டிலுக்கு மறுபக்கம் போய் நின்றார். கட்டைப் பார்த்தார். பிறகு கொளஞ்சியப்பனின் முகத்தைப் பார்க்க முயன்று, முடியாமல் சுவரைப் பார்த்தார்.

ஒலிபெருக்கியில் ராசம்மாளின் பெயரைத் திரும்பவும் கூப்பிட்டார்கள்.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். புருஷனுக்கு அடியில் விரித்திருந்த துணியின் ஒரு ஓரத்தை அவன் இடுப்புவரை இறுக்கமாகச் சுருட்டிப் பிடித்தாள். மறு ஓரத்தை எடுத்து, கட்டிலுக்குக் குறுக்கே, லூர்துசாமியின் கையருகில் நீட்டினாள்.