கண்ணை மூடச் சொன்ன அதிகாரி

என் சித்தி பதினான்கு வருடங்கள் முகத்தைப் பார்த்தே பிழைத்தவள். மாடியில் ஒற்றை அறை, மூன்று கண்ணாடி, இரண்டு சுழல் நாற்காலி. அதுதான் அவளுடைய பியூட்டி பார்லர். புருவம் திருத்துவதில் கெட்டிக்காரி. நூலை வாயில் கடித்துக்கொண்டே மூன்று வீட்டுக் கதை பேசுவாள்.

அப்படிப்பட்டவளை ஒரு கல்யாணத்துக்காக வெளிநாட்டுக்கு அழைத்துப் போனார்கள், மணப்பெண்ணுக்கு மேக்கப் போட. திரும்பி வந்ததும், “ஊர் எப்படி சித்தி?” என்று கேட்டேன். ஊரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற கவுண்டரைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள்.

“பாஸ்போர்ட்டைப் பாக்குறா, மூஞ்சியைப் பாக்குறா, முத்திரை குத்துறா. அவ்வளவுதான்டி வேலை! மூஞ்சி பாக்குறதுதானே நானும் பண்றேன்? ஒரே ஒரு வித்தியாசம். என் கடையில வர்றவங்க உக்காந்திருப்பாங்க, நான் நிப்பேன். அங்க அவ உக்காந்திருக்கா, ஊரே நிக்குது!”

சித்தப்பா தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். கையில் கிரீஸோடு நிமிர்ந்து, “கால் வலிக்குதுன்னா ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கோயேன். அதுக்கு அரசாங்க வேலையா?” என்றார்.

ஆனால் அந்த மாதமே விளம்பரம் வந்துவிட்டது. குடியேற்றப் பிரிவுக்குக் கவுண்டர் உதவியாளர்கள் தேவை. பள்ளிப் படிப்பு போதும், வயது நாற்பதுக்குள். சித்திக்கு அப்போது முப்பத்தொன்பதே முக்கால்.

விண்ணப்பத்தை நிரப்பியது நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், அதனால் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என் தலையில்தான் விழும். சித்தி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்தி ரொம்ப நாளாகிறது. “பட்டதாரி” என்பாள். பெருமையிலும் சொல்வாள், பால் பொங்கி வழிந்தாலும் சொல்வாள். படிப்பு முடிந்து இரண்டு வருடமாக எனக்கும் வேலை இல்லை. கையோடு கையாக எனக்கும் ஒரு விண்ணப்பம் போட்டேன்.

பொது அறிவு நான் சொல்லிக் கொடுத்தேன், கணக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். தேர்வின் கடைசிப் பகுதிக்கு யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது. நாற்பது ஜோடி புகைப்படங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் இருப்பது ஒரே ஆளா, வேறு ஆளா என்று எழுத வேண்டும். சித்தி நாற்பதும் சரி. நான் இருபத்திரண்டு. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் இருபது வந்திருக்கும். மூன்று வருடக் கல்லூரி எனக்குக் கூடுதலாகக் கொடுத்தது அந்த இரண்டு மதிப்பெண்தானா என்று அன்றைக்குப் பூராவும் யோசித்தேன். யோசிக்கக்கூட நிம்மதி இல்லை. வீட்டில் சித்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள்.

பார்லரை உதவிக்கு இருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வேலையில் சேர்ந்தாள். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். ஒவ்வொரு தவறுக்கும் கோப்பில் ஒரு குறிப்பு. ஆறு மாத முடிவில் கணக்கில் மூன்று குறிப்பு இருந்தால் வீட்டுக்கு. கடையும் கைமாறிவிட்டது, திரும்பிப் போக இடமில்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் குறிப்பு இரண்டாவது வாரமே விழுந்தது. கவுண்டரில் சின்ன கேமரா இருக்கும். பயணியைப் பார்த்து, “நிமிர்ந்து கேமராவைப் பாருங்க” என்று சொல்ல வேண்டும். பதினான்கு வருடப் பழக்கம் விடுமா? நிமிர்ந்த முகத்தைக் கண்டதும் சித்தியின் வாய், “கண்ணை மூடுங்க” என்றது. பயணியும் மூடினார். கேமரா படம் எடுத்தது. கம்ப்யூட்டர் சிவப்பு விளக்கைப் போட்டது. அப்படி ஒன்பது பேர். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லையாம்.

“அரசாங்க நாற்காலியில உக்காந்து சொன்னா என்ன வேணா செய்வாங்க போல!” என்று சிரித்தாள் சித்தி. சிரித்து முடித்து, “குறிப்பு எழுதிட்டாருடி” என்றாள்.

எழுதியது மேற்பார்வையாளர். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். ஒரு பயணிக்குத் தொண்ணூறு வினாடி, அதற்குமேல் போனால் பின்னால் வந்து இருமுவார். ‘வினாடி சார்’ என்று பெயர்.

அதிலிருந்து தினமும் மாலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் கவுண்டர். நானும் சித்தப்பாவும் பயணிகள்.

“எதுக்குப் போறீங்க?”

“தப்பிச்சுப் போறேன்,” என்றார் சித்தப்பா.

“யாருகிட்டேருந்து?”

“அதிகாரிகிட்டேருந்துதான்.”

“ஏங்க, விளையாடாதீங்க. கேமராவைப் பாருங்க, கண்ணை... கண்ணைத் திறந்து வைங்க!”

கண்ணை மூடச் சொல்வது நின்றுவிட்டது. ஆனால் நாலாவது மாதம் வேறொன்று கிளம்பியது. மலை மாதிரி ஒரு ஆள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். சித்தி தன்னை மறந்து, “இழுத்துப் பிடிங்க” என்றுவிட்டாள். புருவம் திருத்தும்போது தோலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வது அது. அந்த ஆள் பாவம், விதி போலிருக்கிறது என்று இரண்டு கையாலும் நெற்றியை மேலே இழுத்துக்கொண்டு ஆடாமல் நின்றார். வினாடி சார் வந்தது அந்த நேரம் பார்த்துத்தான்.

இரண்டாவது குறிப்பு.

மீதி இரண்டு மாதமும் சித்தி வாயை அளந்து அளந்து திறந்தாள். கடைசி நாள் வந்தது. அன்று முழுவதும் வினாடி சார் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். இனி வருவது சித்தி சொன்னது. மூன்று தடவை, அநேகமாக எல்லா வேஷத்தையும் அவளே கட்டி நடித்துக் காட்டினாள்.

மத்தியானம் வரை ஒரு தடங்கலும் இல்லை. அப்புறம் அறுபதை நெருங்கும் ஒரு அம்மா வந்தார். பாஸ்போர்ட்டை வைத்தார், கேமராவைப் பார்த்தார், பச்சை விளக்கு எரிந்தது. முத்திரையைத் தூக்கிய சித்தியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

“அம்மா, நெத்தி முடியைக் கொஞ்சம் ஒதுக்குங்களேன்.”

பின்னால் இருமல். “பச்சை காட்டுதே. அனுப்புங்க.”

“சார், இது இவங்க இல்ல.”

“நான் நான் இல்லன்னா பின்ன யாரு?” என்றார் அந்த அம்மா.

“நூத்திப் பத்து வினாடி,” என்றார் வினாடி சார். “தப்பா நிறுத்தியிருந்தா மூணாவது குறிப்பு. தெரியும்ல?”

முத்திரையைக் குத்திவிட்டால் ஆறு மாதமும் முடிந்தது, வேலை அவளுடையது. மறுபடி ஒரு தடவை படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். முத்திரையைக் கீழே வைத்தாள்.

“படத்துல இருக்கவங்களுக்கு நெத்திச் சுழி இடது பக்கம். இவங்களுக்கு வலது பக்கம். தலைக்கு அடிக்கிற டை மாறும், புருவம் மாறும், பல்லு மாறும், புருஷன்கூட மாறலாம். சுழி மட்டும் பக்கம் மாறாது சார். அம்மா, உங்க பேரைச் சொல்லுங்க.”

அந்த அம்மா பெயரைச் சொன்னார். பாஸ்போர்ட்டில் இருந்தது வேறு பெயர்.

வினாடி சார் குனிந்து பார்த்த அதே நேரத்தில், வரிசையில் அடுத்ததாக நின்றவர் எட்டிப் பார்த்து, “என்னடி பிரச்சினை?” என்றார். அதே முகம். அதே கண்ணாடி. சுழி மட்டும் இடது பக்கம்.

இரட்டையர். காலையில் கிளம்புகிற அவசரத்தில் கைப்பைகள் மாறிவிட்டன.

“அம்பத்தெட்டு வருஷமா என் சாமானை எடுக்குறதே இவளுக்கு வேலை!”

“நீ எடுத்ததுடி அது! எனக்கு ஆறு மாச விசா, உனக்கு மூணு மாசம்தான். நீயா மாத்தினியா?”

கவுண்டர் முன்னாலேயே சண்டை. அந்தப் பக்கம் இறங்கிய பிறகு தெரிந்திருந்தால் இரண்டு பேரையும் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். வரிசை முழுவதும் சிரித்தது. பாஸ்போர்ட் கைமாறி இரண்டு முத்திரையும் விழுந்தபோது, ஸ்டாப்வாட்சில் நாலு நிமிடம் பத்து வினாடி.

வினாடி சார் அதைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். எழுதினார்.

“கண்டுபிடிச்சது சரிதான். ஆனா நேரம் நேரம்தான்மா,” என்றாராம்.

மூன்று.

அன்று மாலை சித்தி அழவில்லை. நடித்துக் காட்டினாள், சிரித்தாள், சித்தப்பாவை இரட்டையரில் மூத்தவராக நிற்க வைத்தாள். தூங்கப் போகும் முன் என்னிடம், “முத்திரையைக் குத்திட்டுப் போயிருக்கலாமோடி பட்டதாரி?” என்று கேட்டாள். நானாக இருந்தால் குத்தியிருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு போன் வந்தது. எடுத்ததும் காது கிழிகிற மாதிரி ஒரு கூச்சல், அதற்குப் பிறகு மூச்சிரைப்பு.

“அலுவலக நடைபாதையில நிக்கிறேன். கத்தக்கூடாது. கத்திட்டேன். கேளுடி. பயணிங்க பாராட்டி எழுதிக் குடுத்தா ஒரு குறிப்பை அடிச்சுடணுமாம், விதியிலேயே இருக்காம். எவனும் இதுவரைக்கும் எழுதிக் குடுத்ததே இல்லயாம், அதனால யாருக்கும் ஞாபகமில்ல. அந்த அம்மாங்க ஏறுறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க!”

“அப்போ மூணுல ரெண்டு போச்சா?”

“அதான் இங்க பெரிய வாக்குவாதமே! ரெண்டு கடிதாசிலயும் ஒரே கையெழுத்து, ஒரே எழுத்துப் பிழை. ஒருத்தரே ரெண்டு எழுதிட்டாங்களான்னு வினாடி சாருக்குச் சந்தேகம். பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டிருக்காரு. ரெண்டு பேரையும் நேர்லயே பாத்தவருடி அவரு!”

“நீ என்ன சொன்னே?”

“ஒண்ணைக் கணக்குல எடுத்தாலே போதும் சார், நான் இங்கதான் இருக்கப்போறேன், நீங்க நிதானமாப் பாருங்கன்னு சொன்னேன். தலையைத் தூக்காமலே நிரந்தர உத்தரவுல கையெழுத்துப் போட்டுட்டாரு. இரு இரு, கூப்பிடுறாரு...”

போனை அணைக்க மறந்துவிட்டாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வினாடி சாரின் குரல், ரொம்பத் தணிவாக:

“நீங்க முகம் பாக்குறவங்க. ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லணும். நான் தலைக்கு டை அடிக்கிறது வெளியில தெரியுதா?”

சித்தி மூச்சை இழுப்பது கேட்டது.

“கதவைச் சாத்திடவா சார்?”