ஐந்து வருட வேண்டுதல்

அரைத்த மஞ்சளும் வேப்பிலைச் சாறும் வியர்வையில் கரைந்து ஒரு பையனின் கழுத்தில் வழியும்போது எழுகிற வாசனை, அறுபது வருடமாகியும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. மற்றவர்களுக்கு அது பக்தியின் வாசனையாக இருக்கலாம். எனக்கோ அதை முகர்ந்தால் கோபம்தான் வருகிறது, முதலில் என்னைப் பெற்றவர்கள் மேல், பிறகு அவர்களைவிட அதிகமாக என் மேல்.

என் தம்பி முனிரத்தினத்துக்கு எட்டு வயதில் அம்மை போட்டு, பிழைப்பானா என்றிருந்தபோது, பிழைத்தால் ஐந்து வருடம் பெண் வேடம் கட்டி அழைத்து வருவதாக அம்மா திருப்பதி கங்கம்மாவிடம் வேண்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இதில் அதிசயம் எதுவுமில்லை. கங்கம்மா திருவிழாவான 'சாத்திரை' வந்தால், மீசை வைத்த ஆண்களே புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடப்பார்கள். மற்றவர்கள் கூச்சத்தில் சிரிப்பார்கள், அல்லது கூத்தடிப்பார்கள். என் தம்பி மட்டும் எங்கள் ஊரான புத்தூரிலிருந்து வந்த பஸ்ஸை விட்டுத் திருப்பதியில் இறங்கியதும் கொசுவத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிக்கொண்டு அவசரமில்லாமல் நடப்பான். தெருப் பெண்கள் அவன் காலில் சொம்புத் தண்ணீர் ஊற்றி, "தாயே, எங்க ஊட்டயும் பாத்துக்கோ" என்று கும்பிடுவார்கள். நைனா அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "எம் புள்ளயப் பாருடா, அசல் மகாலட்சுமி" என்று கூட வந்தவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

ஐந்து வருடம் முடிந்தது. ஆறாவது வருடம் சாத்திரைக்கு முன்னால் தம்பி அம்மாவிடம் போய், "இந்த வருசமும் கட்டி உடும்மா" என்றான்.

"வேண்டுதல்தான் தீந்துபோச்சே, இன்னும் இன்னாத்துக்குடா?"

"எனக்குக் கட்டிக்கணும்."

அம்மா சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

சாத்திரை முடிந்த பத்தாம் நாள், நான் கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் வந்தபோது அவன் வேண்டுதலுக்குக் கட்டிய அதே புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். வேறொன்றும் செய்யவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் 'பொட்டயோட அண்ணன்' என்று கூப்பிட்ட ஆத்திரத்தில், தோட்டத்திலிருந்த நைனாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

"இன்னாடா இது வேசம், இப்ப போயி?" என்றார் நைனா.

"வேசம் இல்ல நைனா. நான் இப்பிடித்தான்."

அந்த ஒரு பேச்சுக்கு விழுந்த அறையில் அவனுக்குப் பல நாள் ஒரு காது கேட்கவில்லை.

பிச்சாட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அம்மன் போய்விட்டாள், வேறு ஏதோ பிடித்திருக்கிறது, அமாவாசை வரைக்கும் மாட்டுக் கொட்டகையில் பூட்டி வைத்து ஒரு வேளை உப்பில்லாத கூழ் மட்டும் கொடுங்கள் என்று அவர் சொன்னதை நைனா அப்படியே செய்தார். பன்னிரண்டு நாள். கொட்டகைச் சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. ஐந்தாம் நாள் பலகை இடுக்கில் வாயை வைத்து, "அண்ணா, உப்பு ஒரு கல்லு குடுடா, யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினான். "நைனா திட்டுவாரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஏழாம் நாள் காய்ச்சலில் பிதற்றினான். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட நான் கதவைத் திறக்கவில்லை.

வெளியே வந்தவன் ஒரு மாதத்துக்குள் வீட்டை விட்டுப் போய்விட்டான். "செத்துட்டான்னு நெனச்சிக்கோங்க" என்றார் நைனா. நினைத்துக்கொண்டோம். எவ்வளவு சுலபமாக நினைத்துக்கொண்டோம்! நேர்ந்துகொண்டு கட்டினால் காலில் விழுவது, ஆசைப்பட்டுக் கட்டினால் மாட்டோடு பூட்டுவது, இதற்குப் பெயர் குடும்ப மானம். நான் படித்து வாத்தியாராகி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். பெண் பார்க்கப் போன இடத்தில் எனக்குக் கூடப் பிறந்தவர் யாருமில்லை என்று வாய் கூசாமல் சொன்னவனும் நான்தான்.

சென்ற மாதம், ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். "பையன் சரியாத் துன்ன மாட்றான், தூங்க மாட்றான் சார். நடையெல்லாம் பொண்ணு மாதிரி. சித்தூர்ல ஒருத்தர் மந்திரிக்கிறாராம். அதுக்கு முன்னாடி நீங்க நாலு வார்த்த புத்தி சொல்லுங்க" என்றார். புத்தி அவருக்குத்தான் சொன்னேன், குரல் உயர்ந்துதான் சொன்னேன். பிள்ளை தூங்காததற்குக் காரணம் உங்கள் மேலுள்ள பயம். அந்தப் பயத்துக்கும் தூக்கத்துக்கும் ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அவனை மாற்றச் சொல்லி எவரிடமும் கூட்டிப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு சாப்பிடுங்கள். எப்படி இருந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் பேசினால் அவர்கள் வாயை அடையுங்கள், பிள்ளையின் வாயை அல்ல. மனுஷன் முகம் சிவந்து எழுந்து போனார். மறுநாள் நான் போய் அவர் கதவைத் தட்டினேன். இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மாவும் நைனாவும் போய்விட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் என் மகன் கார் நிறுத்துகிறான். தம்பியின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, நைனா எரித்துவிட்டார். இந்த வருடம் தனியாகத் திருப்பதி சாத்திரைக்குப் போனேன். கோயில் தெருமுனையில் திருநங்கைகள் சிலர் நின்றிருந்தார்கள். என் வயதை ஒத்த ஒருத்தியிடம் போய், புத்தூர் முனிரத்தினத்தைத் தெரியுமா, என் கூடப் பிறந்தது, இரண்டு வயது இளையது என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது நீங்க வச்ச பேரு பெரியவரே. அந்தப் பேருல எங்கள்ல யாரு இருப்பா? அவளா வச்சிக்கின பேரச் சொல்லு, தேடிப் பாக்கறேன்."

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை.